சந்தனம் காய்ந்த பட்டன்

அட்டைப்பெட்டியின் மூலையில் ஒரு வட்டம் போட்டு, மூன்று வயதும் அதற்கு மேலும் என்று அச்சடித்திருந்தார்கள். அதை எழுதின மகராசன் என் கையில் கிடைத்திருந்தால், எங்கள் அக்கா வீட்டு ஹாலில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்திருப்பேன். ஐந்து வயது நடக்கிற பிள்ளையை எதிரே நிறுத்தி, எங்கே, இப்போது சொல்லு பார்ப்போம், மூன்று வயதா என்று கேட்டிருப்பேன். கோபம் எனக்குச் சட்டென்று வரும். இவன் ஏசி வேலைக்குப் போனதே தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்ளத்தான் என்று அக்கா சொல்லுவாள்.

நான் மஸ்கட்டில் ஏசியும் குளிர்ப்பெட்டியும் பழுது பார்க்கிறேன். அக்கா கோவில்பட்டியில் இருக்கிறாள். அத்தானுக்குக் கடலை மிட்டாய் போடுகிற பட்டறை. அவர்களுக்கு ஒரே மகள், எனக்கு ஒரே மருமகள். அவள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. முதல் மொட்டை போட்டபோதும் லீவு கிடைக்கவில்லை; என் பெரியப்பா மகன் மடியில் வைத்து முடி இறக்கினார்கள். தாய்மாமன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்க, பிள்ளை இன்னொருவன் மடியில் உட்கார்ந்து அழுவதை, ஒரு கடையின் பின்வாசலில் கம்பிரஸருக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

காதுகுத்தாவது என் மடியில்தான் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டியது. என் லீவுக்காகத் தள்ளிப்போட்டு, ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பதால் ஐந்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தோடும் ஜிமிக்கியுமாக வர, இவள் மட்டும் மூளிக்காதோடு திரிந்தாள். அத்தான் வீட்டு ஆட்கள் முணுமுணுத்தார்கள். அக்கா அத்தனையையும் எனக்காகத் தாங்கிக்கொண்டாள்.

ஒரு வழியாகத் தை மாதத்தில் லீவு கிடைத்தது. ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பெட்டியும் பையுமாக வாசலில் போய் நின்றேன். உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வந்தவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு அக்காவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

“ஏட்டி, மாமால்லா வந்திருக்கான். தினமும் போன்ல பேசுவியே, அந்த மாமா” என்றாள் அக்கா.

“இது அந்த மாமா இல்ல” என்றாள் பிள்ளை சேலைக்குள்ளிருந்து. “போன் மாமாவுக்குக் கால் கிடையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பையை இறக்கி வைக்கும்போது அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயம்தானே? அவள் பார்த்த மாமனுக்கு முகம் மட்டும்தான். உள்ளங்கை அளவுக்கு இருப்பான், சிரிப்பான், முத்தம் கொடுப்பான், சிக்னல் போனால் காணாமல் போவான். இப்படி ஆறடிக்கு, மீசையும் வியர்வையுமாக ஒருவன் வந்து நின்று, நான்தான் உன் மாமன், வா என் மடிக்கு என்றால் யார் வருவார்கள்?

இது இப்படி ஆகும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்ததால்தான் அந்த வீடியோ கேம் பெட்டியையே வாங்கி வந்தேன். மஸ்கட் கடையில், ஐந்து வயதுப் பிள்ளை என்னோடு ஒட்ட வேண்டும், என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். டி.வி.யில் மாட்டினால் போதும், பிள்ளைகள் உயிரை விடுவார்கள் என்றார் கடைக்காரர். பொம்மை வாங்கியிருக்கலாம். மூன்று சக்கர சைக்கிள் கோவில்பட்டியிலேயே கிடைக்கும். ஆனால் வெளிநாட்டு மாமனுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தான் பட்டறையிலிருந்து வெல்லப்பாகு வாசனையோடு வந்தார். பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் தரையில் பரப்பியிருந்தேன். கறுப்பாக ஒரு பெட்டி, இரண்டு கையாலும் பிடிக்கிற கண்ட்ரோலர் ஒன்று, ஒரு கட்டு வயர். நான் பிளக்கைக் கையில் எடுத்ததும் அத்தான், “மாப்ளே, நில்லுங்க நில்லுங்க” என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“புது மிஷின்லா? பொட்டு வைக்காம கரண்டு கொடுக்கலாமா?”

அத்தான் அப்படித்தான். பட்டறையில் கடலை வறுக்கிற மிஷினில் தொடங்கி, வீட்டு மிக்ஸி, பைக், பிள்ளையின் புதுப் புத்தகப்பை வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எதையும் புழங்கவிட மாட்டார். சாமி அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். பெட்டிக்கு ஒன்று, டி.வி.க்கு ஒன்று. கண்ட்ரோலரை உள்ளங்கையில் வைத்து, எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் நாலு பட்டன்கள் பூ மாதிரி இருந்தன. அந்தப் பூவுக்கு நடுவே, தாராளமாக ஒரு விரல் சந்தனம் எடுத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தார். பிள்ளை நெற்றியிலும் ஒரு தீற்று தீற்றினார்.

“இப்பம் போடுங்க” என்றார்.

போட்டேன். அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. முதலில் என்ன மொழி என்றது. எந்தெந்தத் தேசத்து மொழியோ இருந்தது, தமிழைக் காணோம். பிறகு வைஃபை பாஸ்வேர்டு. பிறகு ஈமெயில். பிறகு விளையாடப் போகிறவரின் பிறந்த தேதி. பிள்ளையின் தேதியைக் கொடுத்தேன். இவ்வளவு சின்னப் பிள்ளை தனியாக விளையாட முடியாது, பெரியவர் அனுமதி வேண்டும் என்றது. நான்தான் பெரியவன் என்று அமுக்கினேன். அதை உறுதி செய் என்றது. என் மஸ்கட் நம்பருக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த சிம் என் துணிப்பெட்டிக்குள் எங்கேயோ கிடந்தது.

பிள்ளை அக்காவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு பொறுமையாகத்தான் இருந்தாள். கடைசியில், “அம்மா, அந்த ஆளுகிட்ட கேளு, எப்பம் படம் வரும்னு” என்றாள்.

அந்த ஆளு! எனக்குச் சுருக்கென்றது. கோபத்தைப் பிள்ளைமேல் காட்ட முடியாது, பெட்டியின்மேல் காட்டினேன். “கழுத! கேக்குதது அஞ்சு வயசுப் பிள்ளை. இது பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரில்லா நோண்டுது!” என்று கத்தினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த மிஷின் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு கோட்டைக் காட்டியது. அந்தக் கோடு நகர்ந்து முடிவதற்குள் பிள்ளை தரையிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில்தான் விளையாட்டே வந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு கரடிக்குட்டி. அது புல்வெளியில் நடக்க வேண்டும், வழியில் பள்ளம் வந்தால் தாண்டிக் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். கரடியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நான் போட்ட காசு, பட்ட பாடு எல்லாம் அந்த நொடியில் தீர்ந்துபோயிற்று. கண்ட்ரோலரை நீட்டினேன். என் பக்கத்தில் வராமல், கையை மட்டும் எட்டி நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அங்கே பிடித்தது சனி. கண்ட்ரோலரில் இடது பக்கம் ஒரு குமிழ், வலது பக்கம் ஒரு குமிழ். இடது குமிழைத் தள்ளினால் கரடி நடக்கும். வலது குமிழைத் தள்ளினால் கரடி நடக்காது, நம் பார்வைதான் திரும்பும். அவளுக்கு அது எப்படிப் புரியும்? இரண்டையும் ஒன்றாகத் தள்ளினாள். டி.வி.யில் வானம் கீழே வந்தது, புல் மேலே போயிற்று, கரடி சுவரில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தது. கண்ட்ரோலர் அவளுடைய இரண்டு கைக்கும் பெரிது. இடது குமிழுக்கு விரலைக் கொண்டுபோனால் வலது பக்கம் கை நழுவியது. தரையில் வைத்து, குனிந்து, ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். அக்காவின் போனில் படத்தைத் தொட்டால் போதும், தொட்ட இடத்துக்கு எல்லாம் ஓடி வரும். எழுந்து போய் டி.வி.யில் கரடியையே விரலால் தொட்டுத் தள்ளினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வழியாகக் கரடி முதல் பள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றது. “குதிக்குத பட்டனை அமுக்கு தாயி, அந்தா, சந்தனம் இருக்குல்லா, அதுக்குக் கீழ” என்றேன். அமுக்கினாள். கரடி குதிக்கவில்லை. பெருவிரலால் அமுக்கினாள், இரண்டு பெருவிரலையும் சேர்த்து அமுக்கினாள். அவசரத்தில் குமிழ் தட்டிவிட, கரடி நேராகப் போய்ப் பள்ளத்துக்குள் விழுந்தது. திரும்பவும் முதலிலிருந்து. மறுபடியும் விழுந்தது. அவள் உதடு பிதுங்கியது. கண்ட்ரோலரைச் சோபாமேல் வீசிவிட்டு அழுதுகொண்டே அடுப்படிக்குள் ஓடினாள்.

“கரடி கெடங்குல விழுந்துட்டும்மா. எஞ்சொல்லு கேக்கவே மாட்டேங்குது. எனக்கு இந்த ஆளு கொண்டாந்தது வேண்டாம்.”

மூன்று வயதுக்கு மேலாம். எந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு கை இருக்கிறது? பிடித்துக்கொள்ள ரெண்டு கை, நடக்க ஒன்று, குதிக்க ஒன்று வேண்டியிருக்கிறதே இந்தச் சனியனுக்கு! இப்படி நான் ஹாலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதுதான் அத்தானின் அக்கா வந்து சேர்ந்தார். பக்கத்துத் தெருவில் இருக்கிறவர். நல்ல மனுஷி, ஆனால் வாயில் வந்ததை அப்படியே போட்டுவிடுவார். பிள்ளை அழுததையும் நான் கத்தியதையும் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“தம்பி, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதீங்க. பிள்ளைதான் உங்ககிட்ட வரமாட்டேங்குதே. காதுகுத்தன்னைக்குக் கோயில்ல வச்சுக் கத்தி ஊரைக் கூட்டிட்டா நல்லாவா இருக்கும்? பேசாம அன்னைக்கு மொட்டைக்கு உக்காந்தாரே உங்க பெரியப்பா மகன், அவிய மடியிலயே வச்சிருவோமா? பிள்ளைக்கும் பழகின ஆளு.”

எப்போதும் முதல் ஆளாகக் குதிக்கிறவன் நான். அன்றைக்குக் குனிந்து, சோபாமேல் கிடந்த கண்ட்ரோலரை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டி என் முகத்தைப் பார்த்தாள். “மதினி, காதுகுத்துக்கு இன்னும் நாள் கிடக்குல்லா, பாப்போம்” என்றாள். ஆனால் அவள் குரலிலும் உறுதியில்லை.

சாயங்காலம் வீட்டில் யாரும் பேச்சுக்கொடுக்காமல் இருந்தபோது நான் அந்தக் கண்ட்ரோலரை எடுத்தேன். வேலை இல்லை, பேச ஆள் இல்லை, கரடியையாவது பார்ப்போம் என்று தரையில் உட்கார்ந்தேன். பள்ளத்துக்கு முன்னால் நிறுத்திப் பட்டனை அமுக்கியபோதுதான் விரலில் உணர்ந்தேன். பட்டன் இறங்கவே மாட்டேன் என்றது. பைப்பும் ஸ்பேனரும் பிடித்துக் காய்ப்பேறின என் விரலுக்கே அழுத்தம் வேண்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அத்தான் அப்பின சந்தனம் பட்டனைச் சுற்றி இடுக்கு முழுக்க இறங்கி, தை மாசக் காற்றில் காய்ந்து சிமெண்டாகப் பிடித்திருந்தது. அத்தான் பக்தியோடு கரடியின் காலைக் கட்டிப்போட்டிருக்கிறார்! பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சின்ன விரல்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கும்!

பஞ்சும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் இருந்தால் நொடியில் சரியாகிவிடும். என் டூல் பையில் இரண்டுமே உண்டு. எழுந்து போய் எடுத்து வந்தேன். துடைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தரம் அமுக்கிப் பார்ப்போம் என்று பலமாக அமுக்கினேன். கரடி ஒரு துள்ளுத் துள்ளிப் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து “ஏ!” என்று ஒரு சத்தம்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் ஓடிவிடுவாள். கரடியை நடத்தினேன். அடுத்த பள்ளம். குதிக்க வைத்தேன். திரை அசைந்தது. கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்டது. பிறகு சோபாவின் கைப்பிடிக்குப் பின்னால். அதற்கப்புறம் என் முழங்கைக்குப் பக்கத்தில் மூச்சுக்காற்று பட்டது. வேண்டுமென்றே கரடியைச் சுவரில் முட்டவிட்டேன்.

“அங்கன இல்ல, இங்கன போணும்” என்று சொல்லி ஒரு குட்டிக் கை வந்து இடது குமிழைப் பிடித்தது.

நின்றுகொண்டு பிடித்தால் அவளுக்கு எட்டவில்லை. என் முன்னால் வந்து நின்றாள், டி.வி. மறைந்தது. பக்கவாட்டில் வந்தாள், கை கோணியது. இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் சம்மணத்துக்குள் முதுகைக் கொடுத்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் இரண்டு கையும் அவளைச் சுற்றி வந்து கண்ட்ரோலரைப் பிடித்தன. அவள் கை இடது குமிழில், என் விரல் பட்டனில். தலையில் தேங்காயெண்ணெய் வாசனை என் தாடைக்குக் கீழே வந்தது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

“நடக்குதது நான். குதிக்குதது நீ” என்று உத்தரவு போட்டாள்.

“சரி தாயி.”

“நான் சொன்னாத்தான் குதிக்கணும்.”

“சரி.”

“குதி மாமா!”

மாமா என்று சொல்லிவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, பட்டனை அமுக்கினேன். கரடி தாண்டியது. அவள் கைதட்டினாள். மிஷினுக்கு நாலு கை வேண்டும் என்று கத்தினேனே, இப்போது நாலு கை இருந்தது. பஞ்சை எடுத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு என் மடிக்குத்தான் வருவாள். நடுவில் அவளே தனியாக ஒரு தடவை முயன்று பார்ப்பாள். பட்டன் இறங்காது. “இது மாமா பட்டன்” என்று சொல்லிக் கண்ட்ரோலரை என் கையில் திணிப்பாள். சோறு ஊட்டுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் அந்த மடியிலேயே நடந்தது. கால் மரத்துப்போகும். எழுந்திருக்க மாட்டேன்.

அக்காவிடம் ஒன்றும் மறைக்க முடியாது. ஒருநாள் கண்ட்ரோலரை எடுத்து அமுக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். “ஏலே, ஊர் உலகத்து ஏசியெல்லாம் கழட்டி மாட்டுத. ஒரு பட்டனைத் துடைக்க உனக்கு நேரம் வரலையாக்கும்?” என்றாள்.

“சாமிக்கு வச்ச சந்தனம்லா. காதுகுத்து முடியட்டும்” என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“கள்ளப் பய” என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அடுப்படியில் அவள் தனியாகச் சிரிப்பது கேட்டது. அத்தான்தான் பெரிய தொந்தரவு. பட்டன் இறுக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, “டவுன்ல ரிப்பேர் கடையில கொடுத்துட்டு வந்திருதேன் மாப்ளே” என்று பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசல் வரைக்கும் ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. மனுஷன் இன்னும் அதை என் தொழில் கர்வம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

காதுகுத்து அத்தான் வீட்டுக் குலதெய்வம் கோயிலில். எட்டயபுரம் ரோட்டிலிருந்து விலகி, மக்காச்சோளம் காய்ந்து நிற்கிற கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரம், அதன் கீழே சாமி. இரண்டு வேனில் போனோம். தட்டில் பூ, பழம், பாவாடை சட்டை, நான் எடுத்த தோடு எல்லாம் தாய்மாமன் சீராக வைத்திருந்தேன். பிள்ளை பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காட்டு ஓரத்தில் ஓடி விளையாடினாள். ஆசாரி ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பையைத் திறந்து கம்பியை எடுத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

வீறிட்டாள். ஓடிப்போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “வேண்டாம், எனக்குத் தோடு வேண்டாம்” என்று அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போனேன், “போ, போ” என்று காலால் உதைத்தாள். இத்தனை நாள் உட்கார்ந்த மடியெல்லாம் ஒரு கம்பியைக் கண்டதும் போயிற்று.

“மாமன்காரவுக யாரு? மடியில பிள்ளைய வைங்க” என்று ஆசாரி கூப்பிட்டார்.

“வருமா அது? நாலு பேரு கையையும் காலையும் பிடிங்க, முடிஞ்சுது சோலி” என்று அத்தானின் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்தே விட்டார்.

“ஒருத்தரும் பிள்ளையத் தொடக்கூடாது!” என்று போட்டேன் ஒரு சத்தம். வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துபோயிற்று. கூட்டம் அப்படியே நின்றது. அத்தான் கடிகாரத்தைப் பார்த்து, “மாப்ளே, நல்ல நேரம் போகுது” என்றார் பாவமாக. இவள் வராவிட்டால் நான் அப்படியே வேனில் ஏறிப் போய்விடுவேனே தவிர, கட்டிப்பிடித்து அமுக்க விடமாட்டேன். மனசுக்குள் அதை முடிவு செய்துகொண்டேன்.

ஆசாரிக்கு முன்னால் ஜமுக்காளத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மூடி, முழங்கால்மேல் வைத்து, இரண்டு பெருவிரலையும் மேலே நீட்டினேன். பார்த்தவர்கள் இவனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

“தாயி, கரடி கெடங்குக்கு முன்னால வந்து நிக்குது. நடத்துததுக்கு ஆளு இல்ல. நான் என்ன செய்ய?” என்றேன்.

சேலைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. “ரிமோட்டு வீட்டுலல்லா இருக்கு.”

“இந்தா இருக்கே” என்று பெருவிரல்களை ஆட்டினேன்.

என் பெருவிரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அக்காவின் சேலையை விட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, வீட்டில் செய்கிற மாதிரியே முதுகைக் கொடுத்து என் மடியில் உட்கார்ந்தாள். என் இடது பெருவிரலைக் கையால் பிடித்துக்கொண்டாள். ஆசாரி விவரமான ஆள். ஒரு வார்த்தை பேசாமல் காதுமடலில் இடம் பார்த்து, சந்தனத்தைத் தொட்டு அடையாளம் வைத்தார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

“சந்தனம்” என்றாள். “இதுவும் மாமா பட்டனா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என் இடது விரலை முன்னால் தள்ளினாள். “நடக்குது, நடக்குது. கெடங்கு வந்துட்டு. மாமா, குதி!” என்றாள். நான் வலது பெருவிரலை மடக்கி அமுக்கினேன். ஆசாரி குத்தினார்.

அழுதாள். அழாமல் என்ன செய்வாள், பச்சைப்பிள்ளை. உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. இனி அடுத்த காதுக்கு எங்கே உட்காரப் போகிறாள், இப்போது எழுந்து ஓடுவாள் என்று கையைத் தளர்த்தி வழிவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. விக்கிக்கொண்டே, கண்ணீர் ஒழுக, என் இடது விரலை மறுபடியும் பிடித்தாள்.

“இன்னும் ஒரு கெடங்கு இருக்குல்லா மாமா” என்றாள். “சீக்கிரம் குதிச்சிரு.”

நானும் அழுதேன். ஊரே பார்க்க அழுதேன். ஆசாரி இரண்டாவது காதையும் முடித்தபோது அவள் என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தானின் அக்கா அவருடைய முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “தாய்மாமன்னா இப்படில்லா இருக்கணும்” என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். முதலில் வேறு மடி பார்த்தவரும் அவர்தான். போகட்டும்.

லீவு முடிந்தது. கிளம்புகிற அன்று அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுக்கு இடுக்காகச் சந்தனத்தைக் கரைத்து எடுத்தேன். பட்டன் இப்போது தொட்டாலே இறங்கியது. நான் போன பிறகு பிள்ளை யாரைத் தேடும்? ஒண்டியாகவே கரடியைக் குதிக்க வைத்து விளையாடிக்கொள்ளட்டும். அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. “நல்ல வேலை பண்ணினலே” என்று மட்டும் சொன்னாள்.

மஸ்கட் வந்து கொஞ்ச நாள் கழித்து வீடியோ காலில் அக்கா மூச்சு வாங்க வந்தாள். “உம் மருமக பண்ணின காரியத்தைப் பாரு” என்று கண்ட்ரோலரைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். அந்தப் பட்டன் இருந்த இடமே தெரியவில்லை. சாமி அலமாரியில் இருந்த சந்தனத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, அத்தான் வைத்ததைவிட இரண்டு பங்கு அப்பியிருந்தாள். குங்குமமும் உண்டு.

“ஏன் தாயி இப்படிப் பண்ணுன? மாமா துடைச்சுத்தானே வச்சிட்டு வந்தேன். நீயே அமுக்கலாம்லா?” என்றேன்.

அவள் முகம் போனுக்குப் பக்கத்தில் வந்தது. காதில் தோடு மின்னியது.

“நான் அமுக்கினா அது பாட்டுக்குக் குதிச்சுப் போயிருது” என்றாள். “இப்பம் கெடங்குக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வச்சிருக்கேன். நீ காலோட வா.”

அன்றைக்கே போய் லீவு கேட்டேன். போன லீவு முடிந்து வந்த பெட்டியே இன்னும் பிரித்திருக்க மாட்டாய், அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டார் சூப்பர்வைசர். ஊரில் ஒரு கரடி எனக்காக நின்றுகொண்டிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?